இருட்டினால் டிவிஆர் ரெக்கார்டிங் நின்றுவிடுகிறது, லைவ் மட்டும் வருகிறது

இரவுக்காவல் கேட்டது:

வணக்கம். 8 சேனல் டிவிஆர் (சிசிடிவி படத்தைப் பதிவு செய்யும் பெட்டி), 2 மெகாபிக்சல் கேமரா 6, ஹார்ட் டிஸ்க் 2 டிபி. லைவில் எல்லாக் கேமராவும் பளிச்சென்று தெரிகிறது. பிளேபேக்கில் பகல் நேரத்துக்கு மட்டும்தான் பட்டை இருக்கிறது. மாலை ஆறரை, ஏழுக்கு மேல் ஒன்றுமே இல்லை. அந்த நேரத்தில்தான் பெட்டி பீப் அடிக்க ஆரம்பிக்கிறது. டிஸ்க் நிலை பகலில் 'நார்மல்', இரவில் 'டிஸ்க் இல்லை'. காலையில் ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி பதிவாகிறது. டிவிஆருக்கும் கேமராக்களுக்கும் சேர்த்து ஒரே 12 வோல்ட் 5 ஆம்ப் சப்ளை. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஆனால் சென்ற வாரத்துப் பகல் பதிவு ஒன்று எனக்குக் கட்டாயம் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

வயர்மேன்:

ஃபார்மேட் பக்கமே இப்போது போகாதீர்கள். முதல் வேலை அந்தப் பதிவை வெளியே எடுப்பது. பகலில் டிஸ்க் 'நார்மல்' என்று காட்டும்போது, ஃபேட்32 என்ற ஃபைல் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவைச் செருகி, வேண்டிய கேமராவையும் வேண்டிய நேரத்தையும் மட்டும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிளேயரையும் சேர்த்து எடுக்கும் வசதி இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளின் ஃபைல் வேறு எதிலும் ஓடாது.

இதைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 2 மெகாபிட்) ஓடினால் மணிக்கு 0.9 ஜிபி, நாளுக்கு 21.6 ஜிபி. 6 கேமராவுக்கு ஏறத்தாழ 130 ஜிபி. 2 டிபி டிஸ்க் 15 நாளில் நிரம்பிவிடும், ஓவர்ரைட் ஆன் ஆகியிருந்தால் பழையது அழிய ஆரம்பிக்கும். இரவு பதிவாகாததால் உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செட்டிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஷெட்யூல் 7 நாளும் 24 மணி நேரமும் 'தொடர்ச்சி' என்று இருக்கிறதா, தேதியும் மணியும் சரியா. போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போது தேதி பின்னால் ஓடிவிடும். பதிவு வேறு தேதியில் போய் உட்காரும், இங்கே தேடினால் கிடைக்காது. ஆனால் உங்கள் பெட்டி 'டிஸ்க் இல்லை' என்றே சொல்கிறது. அதற்கு ஷெட்யூல் காரணமாக இருக்க முடியாது. டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைத்தான் முதலில் மாற்றிப் பார்ப்பேன்.

நிழற்கண்:

கேபிள் லூஸாக இருந்தால் நேரம் காலம் பார்க்காமல் அறுந்து அறுந்து வரும். இது சொல்லி வைத்த மாதிரி இருட்டும்போது போகிறது. இருட்டினால் மாறுவது ஒன்றே ஒன்று: கேமராக்களின் ஐஆர் எல்இடி (இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு) எரிய ஆரம்பிக்கும்.

பகலில் ஒரு கேமரா 0.15 முதல் 0.2 ஆம்ப் எடுக்கும். ஐஆர் எரிந்தால் 0.4 ஆம்ப் அளவுக்குப் போகும். ஆறுக்கும் சேர்த்து 1 ஆம்ப் இருந்த இடத்தில் 2.4. டிவிஆரும் டிஸ்க்கும் 1 ஆம்ப் சொச்சம். சப்ளை புதிதாக இருந்தால் 5 ஆம்ப் தாங்கும். கெப்பாசிட்டர் காய்ந்துபோன சப்ளை என்றால் 3 ஆம்ப் தாண்டும்போதே வோல்ட் இறங்கும்.

லைவ் ஏன் நிற்கவில்லை? கேமராவும் டிவிஆர் போர்டும் 12 வோல்ட்டை உள்ளே 5, 3.3 என்று குறைத்துத்தான் பயன்படுத்துகின்றன, 10 வோல்ட் வந்தாலும் சமாளித்துக்கொள்ளும். டிஸ்க்கின் மோட்டாருக்கோ 12 வோல்ட் நேராகப் போகிறது. அது ஏற்பது 10 சதவீத ஏற்ற இறக்கம்தான், அதாவது 10.8-க்குக் கீழே இறங்கக் கூடாது. ஒருமுறை நின்ற டிஸ்க் மறுபடி சுழல ஆரம்பிக்க, ஒரு சில நொடி 1.5 முதல் 2 ஆம்ப் கூடுதலாக இழுக்கும். ஐஆர் எரியும்போது அது சப்ளையிடம் கிடைக்காது. அதனால்தான் விடியும்வரை டிஸ்க் திரும்பி வருவதில்லை.

இரவுவரை காத்திருக்க வேண்டாம். பட்டப்பகலில் ஒவ்வொரு கேமராவின் முகத்தையும் தடித்த கறுப்புத் துணியால் மூடுங்கள். வெளிச்சம் உணரும் சென்சார் பெரும்பாலும் லென்ஸ் பக்கத்திலேயே இருக்கும், படம் கறுப்பு வெள்ளையானால் ஐஆர் எரிகிறது என்று அர்த்தம். டிஸ்க்குக்குப் போகும் பவர் கனெக்டரின் பின்புறத்தில் மல்டிமீட்டர் முனையை வைத்து அளக்க வேண்டும். வழக்கமாக மஞ்சள் 12, சிவப்பு 5, கறுப்பு கிரவுண்ட். மஞ்சளும் சிவப்பும் முனையில் ஒன்றுசேர்ந்துவிடக் கூடாது. 5 வோல்ட் லைனில் 12 பாய்ந்தால் டிஸ்க்கின் போர்டு எரியும், வேண்டிய பதிவும் அதோடு போகும். அதனால் எக்ஸ்போர்ட்டை முடித்துவிட்டு அளங்கள். சப்ளையைத் தனியாகக் கழற்றி அளப்பதில் பயனில்லை, லோடு இல்லாமல் எல்லா சப்ளையும் 12 காட்டும்.

இரவுக்காவல்:

பதிவை எடுத்துவிட்டேன், கணினியில் ஓடுகிறது. துணி மூடாமல் மஞ்சளில் 11.8. நான்கு கேமரா மூடியதும் 11.1. ஆறையும் மூடியதும் 10.4, டிஸ்க்கில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம், சுழலும் ஒலி அடங்கியது, பீப் ஆரம்பித்தது. சிவப்பில் கடைசிவரை 5.0 அப்படியே நின்றது. சப்ளையில் வோல்ட்டைக் கூட்ட ஒரு சின்ன திருகு இருக்கிறது. அதைத் திருப்பி 12-க்குக் கொண்டுவரலாமா?

நிழற்கண்:

திருப்பாதீர்கள். லோடில் 12 வரும்படி வைத்தால், ஐஆர் அணைந்த பகலில் 13.2-ஐத் தாண்டிவிடும். குறைவு டிஸ்க்கை நிறுத்துகிறது, அதிகம் டிஸ்க்கையே கொன்றுவிடும்.

டிவிஆருக்குத் தனியாக 12 வோல்ட், 3 அல்லது 4 ஆம்ப் அடாப்டர் போடுங்கள். ஜாக்கின் உள்முனை பாசிட்டிவ், வெளி அளவு 5.5 மில்லிமீட்டர். உள்துளை 2.1, 2.5 என்று இரண்டு வகை உண்டு, பழையதோடு ஒப்பிட்டு வாங்குங்கள். மாறினால் ஒன்று செருகவே செருகாது, இல்லையேல் ஆடிக்கொண்டு இருக்கும். கேமரா சப்ளையையும் மாற்றத்தான் வேண்டும். இப்போதே இவ்வளவு இறங்குகிறது என்றால், அடுத்து இரவில் படம் கோடு விழும்.

வயர்மேன்:

சாட்டா கேபிள் என்று சொன்னதை விட்டுவிடுங்கள், அளவே பேசிவிட்டது. ஆனால் இந்த டிஸ்க்கை அப்படியே நம்ப வேண்டாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே தினமும் மின்சாரம் அறுந்திருக்கிறது. டிஸ்க் மெனுவில், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து 5 (மாற்றி வைத்த பழுது இடங்கள்), 197 (சந்தேகத்தில் உள்ளவை), 198 (படிக்க முடியாதவை) ஆகிய மூன்று எண்களின் மூல மதிப்பைக் குறித்துவையுங்கள். மூன்றும் பூஜ்ஜியமாக இருந்தால் தொடரலாம். 197-ல் ஏதாவது இருந்து, அது நாளுக்கு நாள் ஏறினால், சிசிடிவிக்கென்று வரும் புதிய டிஸ்க் போட்டு அதை இனிஷியலைஸ் (பதிவுக்குத் தயார்) செய்யுங்கள். பழையதைக் கணினியில் மாட்டினால் விண்டோஸும் 'இனிஷியலைஸ் செய்யவா' என்று கேட்கும். டிவிஆரின் ஃபைல் அமைப்பு அதற்குப் புரியாததால் வரும் கேள்வி அது, கேன்சல் கொடுங்கள்.

புதிய அடாப்டர் மாட்டிய அன்று ஆறு கேமராவையும் மறுபடி மூடி, மஞ்சளில் 11.5-க்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு இருட்டி ஒரு மணி நேரம் கழித்து பிளேபேக்கையும், பெட்டியின் நிகழ்வுக் குறிப்பான லாக்கையும் திறந்து, டிஸ்க் எரர் புதிதாக விழவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பீப்போடு மொபைல் ஆப்புக்கும் டிஸ்க் எரர் எச்சரிக்கை போகும்படி வைத்துவிடுங்கள்.