மறுமொழி: குவில்ட் என்பது ஒட்டுப் போர்வையா, அடுக்குத் தையலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பெரும்பாலும் மேல்துணி, நடுவே மெத்தென்ற ஓர் அடுக்கு, அடித்துணி என அடுக்கி ஊடுருவித் தைத்த குவில்ட், அப்படித் தைக்கும் கலையான குவில்ட்டிங் ஆகிய இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டிச் சென்ற வாரம் தொடங்கிய உரையாடலில் ஒட்டுப் போர்வை, மெத்தைப் போர்வை, பஞ்சுத் தையல், துன்னம் (தையலைக் குறிக்கும் பழஞ்சொல்) என நான்கு முன்மொழிவுகள் இதுவரை வந்துள்ளன. முன்மொழிந்தவர்கள் பெரும்பாலும் தாமே ஊசி பிடிப்பவர்கள். அதனால் விவாதம் செழித்திருக்கிறது, அதனாலேயே சிக்கலும் வந்திருக்கிறது. துண்டுகளை இணைப்பதில் இன்பம் காண்பவர் ஒட்டு என்கிறார். பருத்தியைத் தவிர வேறெதையும் உள்ளே வைக்காதவர் பஞ்சு என்கிறார். கையால் நெருக்கமாகத் தைப்பவர் துன்னம் என்கிறார். ஒருவருடைய விருப்பத்தைக் கலை முழுமைக்கும் பெயராக வைத்துவிட்டால், வேறு விருப்பம் உடையவர் தைப்பதை எந்தப் பெயரால் அழைப்பது என்பதே என் கேள்வி.

> குவில்ட் என்றாலே துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைப்பதுதானே. ஒட்டுப் போர்வை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கோவை அம்மா எழுதிய இந்த வரியின் எளிமையை நான் மதிக்கிறேன். ஆனால் வேல்ஸ் நாட்டிலும் இங்கிலாந்தின் வடபகுதியிலும் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியிலும் ஒரே முழுத்துணியை மேலே விரித்து, வெள்ளை மேல் வெள்ளை நூலால் தைத்து, தையல் வரிகளின் மேடுபள்ளத்தாலேயே கோலம் எழுப்பும் மரபு இருக்கிறது. அதில் ஒட்டு என்று ஒரு விரற்கடைத் துண்டுகூடக் கிடையாது, அதுவும் குவில்ட்தான். மறுபுறம், வண்ணத் துண்டுகளை இணைத்து ஒற்றை அடுக்காகத் தைத்த மேசை விரிப்பில் ஒட்டு நிறைய இருந்தாலும் அதைக் குவில்ட் என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் ஒட்டுப் போடுவது என்றால் கிழிசலை மறைப்பது. பழைய துணியை விரும்புவோருக்கு அந்தப் பொருள் உறுத்தாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வயலில் உடுத்தித் தேய்ந்த டெனிம் காற்சட்டைகளையும் சட்டைகளையும் கிழித்து, அளவுகோலுக்குக் கட்டுப்படாமல் தைத்த குவில்ட்டுகள் 2002இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் புதுத்துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, கால் அங்குலம் தையலுக்கு விட்டு, நூல் பிசகாமல் வெட்டி இணைப்பவர்களே இன்று பலர். அவர்கள் அளவில் கறாராக இருப்பதற்குக் காரணமும் உண்டு: ஒவ்வொரு தையலிலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினால், பதினாறு தையல் கொண்ட வரிசை முடியும்போது ஓர் அங்குலம் குறைந்துவிடும், பக்கத்து வரிசையோடு முனைகள் சேரமாட்டா. இப்படித் தைத்ததைப் பார்த்து ஒட்டுப் போட்டது என்றால் அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. துண்டுகளை இணைக்கும் வேலைக்கு மட்டும் துண்டிணைப்பு என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம். ஒரு துணியின் மேல் மற்றொரு துண்டை வைத்து ஓரம் மடித்துத் தைக்கும் அப்ளிக் வேலையை மேலொட்டுத் தையல் எனலாம். ஒட்டு என்ற சொல் அங்கே சரியாகப் பொருந்துகிறது.

மெத்தைப் போர்வையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லே மெத்தை என்று பொருள்படும் குல்கிதா என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்று டொராண்டோ நண்பர் காட்டியது சரிதான். ஆனால் மூலச்சொல்லின் பழைய பொருள் நம்மைக் கட்டுப்படுத்தாது. தமிழில் மெத்தை கீழே கிடப்பது, போர்வை மேலே கிடப்பது. தவிர, இதே முறையில் தைத்த குளிர்ச்சட்டையும் கைப்பையும் சுவரில் தொங்கும் கலைப்படைப்பும் இருக்கும்போது போர்வை என்பதைச் சொல்லின் உடம்பிலேயே கட்டிவைக்க வேண்டாம்.

> பாலியஸ்டர் வைத்துத் தைத்தது வெறும் கடைச்சரக்கு. பஞ்சுதான் இந்தக் கலையின் உயிர். எனவே பஞ்சுத் தையல்.

மதுரை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. உள்ளே வைக்கும் பொருளில்தான் தைப்பவர்களின் விருப்பங்கள் மிகவும் பிரிகின்றன. சொல்லாக்கத்தில் நாம் மிகவும் விலகி நிற்க வேண்டிய இடமும் அதுதான். பருத்தி விரிப்பு முதல் சலவையில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு சுருங்கும். அப்போது தையல் வரிகளுக்கிடையே மேல்துணி மெல்லச் சுருக்கம் கொண்டு, பல ஆண்டுகள் பழகிய துணியின் தோற்றம் வந்துவிடும். அந்தச் சுருக்கத்துக்காகவே பருத்தியைத் தேடுபவர் உண்டு. சுருக்கம் தம் துல்லியமான முனைகளைக் கெடுக்கிறது என்று அதை விலக்குபவரும் உண்டு. பாலியஸ்டர் இலேசானது, உப்பலாக நிற்கும், சுருங்காது. ஆனால் காலப்போக்கில் அதன் மெல்லிய பிசிறு துணியின் கண்ணிகள் வழியே வெளியே தலைநீட்டும், கறுப்புத் துணியில் அது நரையோடியதுபோல் தெரியும். கம்பளி விரிப்பு எடை குறைவு, வெப்பம் மிகுதி, மடித்த தடமும் எளிதில் மறையும். வங்காளத்தின் காந்தா என்னும் அடுக்குத் துணியிலோ பெரும்பாலும் உள்ளே எதுவுமே கிடையாது. பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக்கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத் தையல் (ஊசியை ஏற்றி இறக்கி வரியாக ஓட்டும் தையல்) போட்டுவிடுவார்கள். பஞ்சுத் தையல் என்று பெயர் வைத்தால் காந்தா வெளியே போய்விடும்.

இலவம்பஞ்சு நம் மண்ணின் பொருளாயிற்றே என்று ஒருவர் இடையில் கேட்டிருந்தார். தலையணைக்கு அது சுகம். ஆனால் இலவ இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. போர்வையில் இட்டால் நாளடைவில் மூலைக்கு ஓடித் திரண்டுவிடும்.

இந்த நடு அடுக்குக்கு, அதாவது பேட்டிங் எனப்படுவதற்கு, இடைமெத்து என்ற சொல்லை முன்வைக்கிறேன். மெத்தென்று இருப்பதைச் சொல்கிறது, எதனால் ஆனது என்பதைச் சொல்லாமல் விடுகிறது. பருத்தி இடைமெத்து, கம்பளி இடைமெத்து, பாலியஸ்டர் இடைமெத்து என்று அவரவர் விருப்பத்தை அடைமொழியில் வைத்துக்கொள்ளலாம்.

இனித் துன்னம். இந்தச் சொல்லை மறுக்க எனக்கே மனம் வரவில்லை. பொருநராற்றுப்படையில் பொருநன் உடுத்திருந்த கந்தலை "வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்" என்று சொல்லும் இடத்தை முன்மொழிந்தவர் எடுத்துக்காட்டியபோது, இத்தனை அழகான சான்றுக்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தச் சிதார் கிழிந்து, வேறு நூல் கொண்டு மீண்டும் மீண்டும் தைக்கப்பட்ட ஒற்றைத் துணி. அங்கே அடுக்கு இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்துக் கைவினைஞர்களைச் சொல்லும்போது வரும் துன்னகாரர் எல்லாவகைத் தையலும் தைப்பவர். தோலின் துன்னர் என்று தோல் தைப்பவரையும் அதே சொல்லால்தான் குறிக்கிறது. தையல் முழுமைக்கும் உரிய பழஞ்சொல்லை ஒரு கிளைக்குள் அடைப்பது அதற்குச் செய்யும் குறை என்பது என் கருத்து.

துன்னுதல் என்பதற்கு நெருங்குதல் என்ற பொருளும் உண்டு, நெருக்கமான தையலே குவில்ட்டிங்கின் அடையாளம் என்றும் அவர் எழுதியிருந்தார். முன்பு அது உண்மை. கொட்டிப் பரப்பிய பருத்தியை உள்ளே வைத்த காலத்தில் ஓரிரு அங்குலத்துக்கு ஒரு வரி தைக்காவிட்டால், துவைத்ததும் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். நெருக்கம் அன்று அழகுக்காக மட்டும் வந்ததில்லை, தேவையாக இருந்தது. இன்று ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைப் பின்னவைத்த பருத்தி விரிப்பு கிடைக்கிறது. அதில் 8 முதல் 10 அங்குலம் வரை இடைவெளி விடலாம் என்று உறையிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். ஆக, நெருக்கமும் இன்று ஒரு விருப்பம்தான்.

கைத்தையலா இயந்திரத் தையலா என்ற பூசலுக்கும் இதே விடைதான். கையால் தைப்பவரின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவருடைய பிடிவாதம் புரியும். சட்டத்தில் இறுக்கிய துணிக்குக் கீழே ஒரு கை ஊசிமுனையின் வரவை விரல்நுனியால் உணர்ந்து மேலே தள்ளும்; மேலே உள்ள கை, நடுவிரலில் அணிந்த அங்குஸ்தான் என்னும் விரலுறையால் குட்டை ஊசியைச் சாய்த்து நிமிர்த்திச் சாய்த்து, நான்கைந்து தையலை ஊசியிலேயே ஏற்றிக்கொண்டு ஒரே இழுப்பில் நூலை உருவும். தேர்ந்த கைக்கு அங்குலத்துக்கு 8 முதல் 12 தையல் வரும். இயந்திரத்தில் தைப்பவரின் திறமை வேறு வகைப்பட்டது: அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை மட்டும் இழுக்க மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும் என்பதால், அடுக்குகளை நகராமல் கொண்டுசெல்வதே அவருடைய போராட்டம். கென்டக்கி மாநிலத்தின் படுகா நகரில் அமெரிக்கக் குவில்ட் சங்கம் நடத்தும் போட்டியில் 1989இல் முதன்முறையாக இயந்திரத்தால் தைத்த குவில்ட் முதன்மைப் பரிசு பெற்றபோது அங்கே எழுந்த சலசலப்பை நாம் இங்கே கலைச்சொல் பட்டியலில் மறுபடியும் நடத்த வேண்டியதில்லை.

எனவே கலைக்கு அடுக்குத் தையல், பொருளுக்கு இடத்துக்கேற்ப அடுக்குத்தையல் போர்வை, அடுக்குத்தையல் சட்டை என்பது என் முன்மொழிவு. அடுக்குகளை ஊடுருவி நிற்கும் நூல் என்ற ஒன்றே மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பொது. இதற்கும் தடை எழுப்பலாம். வரியாகத் தைக்காமல் சில அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்டு நிறுத்துபவர்கள் உண்டு. அதை முடிச்சடுக்கு எனலாம், நூல் அங்கும் எல்லா அடுக்கையும் ஊடுருவுகிறது. 1880களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பட்டுத் துணியையும் வெல்வெட்டையும் ஒழுங்கின்றி இணைத்துப் பூவேலை செய்த கிறுக்குக் குவில்ட்டுகள்தான் உண்மையிலேயே பிடிகொடுக்காதவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நடு அடுக்கு இல்லை, ஊடுருவும் தையலும் குறைவு. ஆங்கிலத்திலேயே பெயருக்குத்தான் அவை குவில்ட். நாமும் அவற்றை விதிவிலக்காக விட்டுவிடலாம்.

துண்டிணைப்பு முதலில், அடுக்குத் தையல் பிறகு என்று விளக்கக் குறிப்பில் வரிசை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வையில் இரண்டும் ஒரே வேலை. விரித்த சேலையின் ஓரத்தில் தொடங்கி, துண்டை வைத்து, மடித்து, அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத் தையல் போட்டபடி சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவார்கள். மூலைகளில் பூ என்று அவர்கள் மொழியில் பெயர்பெற்ற மடிப்புத் துண்டுகளை வைத்தால்தான் வேலை நிறைவுபெறும்.

துணியை முன்பே அலசிவிட்டுத் தைப்பதா, அலசாமல் தைப்பதா என்ற விருப்பத்துக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். நம் தையற்கடைகளில் லைனிங் துணியை நனைத்துக் கொடுங்கள் என்று தினமும் சொல்கிறார்கள். நனைத்துத் தைத்தல், நனையாமல் தைத்தல் என்றே பட்டியலில் இடலாம். 1950களின் பிற்பகுதியில் சாயம் போவதையே சிறப்பாகச் சொல்லி அமெரிக்காவில் விற்கப்பட்ட மெட்ராஸ் கட்டத்துணியை நனையாமல் வெள்ளையோடு சேர்த்துத் தைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

ஒரு சொல் எனக்கு இன்னும் அமையவில்லை. மூன்று அடுக்கையும் தைத்து முடித்தபின் வெட்டோரத்தை மூடிச் சுற்றிவரும் குறுந்துணிக்குத் தையற்காரர்கள் சொல்லும் பட்டி போதும் என்று நினைத்தேன். ஆனால் சட்டையிலும் பாவாடையிலும் வரும் பட்டியோடு குழம்புமா என்று ஐயம். விளிம்புப் பட்டி என்று விரித்தால் தெளிவு வருமா, அல்லது கடைக்காரர்கள் அதற்கும் பைப்பிங் என்றே சொல்கிறார்களா என்பதைத் தையற்கடையோடு பழக்கமுள்ளவர்கள், குறிப்பாகக் கோவை அம்மா, கேட்டு எழுதினால் பட்டியலை அடுத்த வாரம் முடித்துவிடலாம்.

அன்புடன்.