ஜாக் மில்லருக்கு நோபல் தராதது அநியாயம் இல்லையா?

ஆற்றங்கரையான்:
பாளையங்கோட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எச்.ஐ.வி. நோயாளிகளின் சிடி4 எண்ணிக்கை எடுப்பது அன்றாடப் பிழைப்பு. சிடி4 என்று நாங்கள் எண்ணுவது, நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி அணுக்களில் ஒரு வகை. அந்த 'டி' தைமஸ் சுரப்பியின் முதலெழுத்து. நெஞ்சுக்கூட்டில் இதயத்துக்கு மேலே கிடக்கும் அந்தச் சுரப்பி எதற்கு இருக்கிறது என்று 1961இல் தெளிவாகக் காட்டியவர் ஜாக் மில்லர். 1931இல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, லண்டனுக்கு ஆராய்ச்சி மாணவராகப் போனவர்.

அவர் தேடிப்போனது வேறு. எலிகளுக்கு ரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்த கையோடு எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்தார். ஒன்றரை கிராம்கூடத் தேறாத குட்டியின் நெஞ்சைத் திறந்து, சுரப்பியை எடுத்து, தைத்துத் தாயிடம் விடவேண்டும். நான் விரல் நுனியில் ஊசி குத்தவே இரண்டு தடவை யோசிக்கிறவன். பால்குடி மறந்த பிறகு அந்தக் குட்டிகள் இளைத்து, தொற்று கண்டு செத்தன. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் உதறித் தள்ளாமல் ஏற்றுக்கொண்டன. ஒட்டிய இடத்தில் வேற்று நிற மயிர் செழிப்பாக வளர்ந்தது. தைமஸ் இல்லாமல் நோய் எதிர்ப்பு இல்லை என்று காட்டிய இது 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது.

உறுப்பு ஒட்டு ஆராய்ச்சிக்காக 1960இல் நோபல் வாங்கிய பீட்டர் மெடவரே, தைமஸில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணுக்கள் நிறைந்திருப்பதைப் பரிணாமத்தின் தற்செயல் என்றுதான் கருதினார். மில்லர் அசரவில்லை. 1966இல் மெல்போர்னுக்குப் போய், கிரகாம் மிட்செல் என்ற மாணவரோடு சேர்ந்து, கிருமியைத் தாக்கும் எதிர்ப்பொருளைச் சுரப்பது எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் அணு, அதற்குத் துணை நிற்பது தைமஸிலிருந்து வரும் அணு என்று 1968இல் பிரித்துக் காட்டினார். 2019இல் அமெரிக்காவின் பெரிய மருத்துவ விருதான லாஸ்கர் கிடைத்தது. நோபல்? 1996இல் டி அணு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். 2025இல் கட்டுப்படுத்தும் டி அணுக்களுக்கும் கொடுத்தார்கள். பந்தி வைத்தவர் மட்டும் கைகழுவாமல் வெளியே நிற்கிறார். இது முறையா?

கோழி டாக்டர்:
அண்ணாச்சி, பந்திக்கு இலை போட்டவரை மறந்துவிட்டீர்கள். 'டி'க்கு விளக்கம் சொன்ன நீங்கள், எதிர்ப்பொருளைச் சுரக்கும் அந்தப் பி அணுவின் 'பி'யை ஏன் தொடவில்லை? அது கோழியின் உடம்பிலுள்ள பர்சா என்ற பையின் முதலெழுத்து. 1956இல், மில்லருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, ஓஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் அந்தப் பை எதற்கென்று அறிய அதை நீக்கிய கோழிகளை வளர்த்துவந்தார். உடன்படித்த திமோத்தி சாங், வகுப்பில் எதிர்ப்பொருள் உண்டாவதைச் செய்துகாட்டக் கோழி இல்லாமல் கிளிக்கிடம் சில கோழிகளை இரவல் வாங்கினார். சால்மோனெல்லா கிருமியின் சாற்றைச் செலுத்தினார். பல கோழிகளில் எதிர்ப்பொருளே இல்லை. பார்த்தால், அவை எல்லாம் பை நீக்கிய கோழிகள்.

'சயன்ஸ்' இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. கடைசியில் 'பௌல்ட்ரி சயன்ஸ்' என்ற கோழி வளர்ப்பு இதழில் வந்தது. மருத்துவர்கள் யார் அதைப் புரட்டப்போகிறார்கள்? எலியில் கண்டால் விஞ்ஞானம், கோழியில் கண்டால் பண்ணை வேலை. என் வயிற்றெரிச்சல் இதுதான்.

பாளை வாத்தியார்:
இருவரும் ஆளுக்கொரு கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். முப்பது ஆண்டு விலங்கியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மில்லர் இல்லாவிட்டாலும் தைமஸின் வேலை வெளிவந்திருக்கும். மினசோட்டாவில் ராபர்ட் குட் என்பவர் 1954இலேயே தைமஸில் கட்டி வந்த ஒரு நோயாளிக்கு எதிர்ப்பொருள் சுரக்காததைக் கவனித்துவிட்டார். மில்லரின் கட்டுரை வந்த அடுத்த ஆண்டே குட்டின் குழுவும் வேறொரு குழுவும் அதே முடிவைச் சொல்லிவிட்டன. மாம்பழம் பழுத்துவிட்டது, யார் கையில் விழுந்தது என்பதுதான் கேள்வி. இதற்கு நோபல் கமிட்டியை ஏன் திட்டவேண்டும்? மூன்று பேருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. மில்லர், கிளிக், குட், மாக்ஸ் கூப்பர், மிட்செல் என்று எண்ணிப் பாருங்கள். யாரை விடுவீர்கள்?

ஆற்றங்கரையான்:
வாத்தியார் ஐயா, பழுத்த மாம்பழம் என்கிறீர்கள். குட் 1954இல் கண்டார், சரி. 1961 வரை ஏழு ஆண்டுகள் அது மரத்திலேயே தொங்கியதே? அவரும் தைமஸை எடுத்துப் பார்த்தார். வளர்ந்த முயல்களில் எடுத்ததால் ஒன்றும் தெரியவில்லை. பிறந்தவுடன் எடுக்கவேண்டும் என்பதில்தான் சூட்சுமமே இருக்கிறது. வளர்ந்த உடம்பில் டி அணுக்கள் ஏற்கெனவே ஊர் முழுக்கக் குடியேறியிருக்கும். பிறகு தைமஸை எடுத்தால் என்ன தெரியும்?

டாக்டரம்மாவுக்கும் ஒரு கேள்வி. கிளிக் தற்செயலாகக் கண்டார், அதோடு விட்டுவிட்டார். மனிதனுக்குப் பர்சாவே கிடையாது. அதை வைத்து மருத்துவத்தில் என்ன செய்வது?

கோழி டாக்டர்:
விட்டுவிட்டாரா? மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகத்தின் கோழியியல் துறையில் பல ஆண்டுகள் அதே பையைத்தான் ஆராய்ந்தார். தெரியாததை அடித்துச் சொல்லாதீர்கள் அண்ணாச்சி.

மனிதனுக்கு அந்தப் பை இல்லை என்பது சரி. ஆனால் கூப்பர் என்ன செய்தார்? அவர் குழந்தை மருத்துவர். எதிர்ப்பொருளே சுரக்காத பையன்கள் சிலர், வைரஸ் நோய்களை ஓரளவு சமாளிப்பதைக் கண்டவர். இரண்டு தனித்தனிப் படைகள் இருக்கவேண்டும் என்று தோன்றியதும் அவர் எங்கே போனார்? கோழிக்கூண்டுக்கு. புதிதாகப் பொரித்த குஞ்சுகளில் பர்சாவையோ தைமஸையோ நீக்கி, கதிர்வீச்சு கொடுத்து, மீதி இருக்கும் படை எது என்று 1965இல் பிரித்தார். ஒரு பையில் ஒரு படை, இன்னொரு சுரப்பியில் இன்னொரு படை என்று தனித்தனியாக எடுத்து வைத்தது போன்ற உடம்பு கோழிக்குத்தான். எலியில் இது இவ்வளவு சுலபமில்லை.

நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கத்துப் பண்ணையிலிருந்து மூன்று வாரக் குஞ்சுகளைச் சாகும் நிலையில் கொண்டுவருவார்கள். முதல் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, இரண்டாம் வாரம் கம்போரோ நோய்க்கு இன்னொன்று, இரண்டு தடுப்பு மருந்தும் கொடுத்தோம், பிறகும் வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டது என்பார்கள். அறுத்தவுடன் நான் தேடுவது கழிவாய்க்கு மேலே உள்ள அந்தப் பையை. கம்போரோ வைரஸ் அதைத்தான் தின்னும். முதலில் வீங்கி, மேலே மஞ்சள் கூழ் பூசினாற்போல் இருக்கும். சில நாளில் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிடும். பை போன குஞ்சுக்கு எந்த மருந்து கொடுத்து என்ன? கிளிக்கின் கட்டுரையைப் படிக்காத பண்ணைக்காரரும் 'பை போய்விட்டதா டாக்டர்?' என்று கேட்கிறார். செல்வாக்கு என்றால் இதைவிட என்ன வேண்டும்?

வள்ளியூர்க்காரர்:
நோபல் யாருக்குப் போனால் எனக்கென்ன. என் அக்காள் பேரனுக்கு ஆறு மாதத்தில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. இதயம் தெரியவேண்டும் என்பதற்காகத் தைமஸில் கொஞ்சம் எடுத்தோம் என்று மருத்துவர் சொன்னார். அப்போது தலையாட்டினோம். இதைப் படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. பையனுக்கு மில்லரின் எலி கதிதானா?

ஆற்றங்கரையான்:
அண்ணாச்சி, பதறவேண்டாம். எலிக்குட்டி பிறக்கும்போது அதன் டி அணுக்கள் இன்னும் ஊர்வலம் புறப்பட்டிருக்காது. மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கொஞ்சம் எடுத்தால் மிச்சம் வேலை செய்யும். அதற்காகப் 'பயன் இல்லாத சதை' என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். பெரியவர்களில் தைமஸை எடுத்தவர்களுக்கு அடுத்த 5 ஆண்டுகளில் இறப்பும் புற்றுநோயும் கூடுதலாக இருந்ததாக 2023இல் பாஸ்டன் மருத்துவர்கள் எழுதினார்கள். பையனின் தடுப்பூசிகளைப் பற்றிக் குழந்தை மருத்துவரிடம் இந்தத் தகவலோடு சேர்த்துப் பேசுங்கள்.

பாளை வாத்தியார்:
தம்பி, இப்போது எழுதியதுதான் நீங்கள் இதுவரை எழுதியதில் உருப்படியானது. நோபலை விடுங்கள்.

ஆற்றங்கரையான்:
விடமாட்டேன் ஐயா. 1956ஐ ஒப்புக்கொள்கிறேன், கிளிக்கைப் பற்றி அவசரப்பட்டு எழுதியதற்கு டாக்டரம்மாவிடம் மன்னிப்பும் கேட்கிறேன். மூன்று பேர்தான் என்றால் மில்லர், கூப்பர், கிளிக். முடிந்தது கணக்கு.

கோழி டாக்டர்:
இந்தக் கணக்குக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். பையைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் பிராய்லர் கோழியில் தேடுங்கள். முட்டையிட்ட நாட்டுக்கோழியில் தேடிவிட்டு இல்லை என்று இங்கே வந்து எழுதாதீர்கள். பருவம் வந்ததும் அது சுருங்கிவிடும். தைமஸ் வேண்டுமானால் அதே பிராய்லரின் கழுத்தில், இருபுறமும் ரத்தக்குழாயை ஒட்டி வெளிறிய மணிகள் கோத்தாற்போல் இருக்கும்.

ஆற்றங்கரையான்:
எங்கள் கடைக்காரர் கழுத்தையும் குடலையும் ஒரே வீச்சில் வாளிக்குள் தள்ளிவிடுவார். இந்த வாரம் வாளியைக் கேட்டு வாங்கவேண்டியதுதான். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.