இலை போதுமா, தண்டு வேண்டுமா? சதைப்பற்றுச் செடிகளைப் பெருக்கியவர்களின் அனுபவங்கள்

சன்னலோரம்:

சதைப்பற்றுச் செடிகளை இலையிலிருந்து வளர்ப்பதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் மண்கலவை, தண்ணீர், வேர்த்தூண்டுப் பொடி என்று எல்லாவற்றையும் விவாதித்து முடித்த பிறகுதான், கையில் இருப்பது எந்தச் செடி என்று கேட்கிறோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே என்பது என் அனுபவம். கிராப்டோபெட்டலம், எச்செவேரியா, சீடம் வகைகளில் பல, ஜேட் செடி ஆகியவற்றில் உதிர்ந்த இலை தானாகவே முழுச் செடியாகிவிடும். கழுதைவால் சீடத்தைத் தொட்டாலே இலைகள் கொட்டுவதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். விழுந்த இடத்தில் எல்லாம் அந்த இலைகள் வேர்விடுவதைப் பார்த்தால், அந்தச் செடி பரவும் வழியே அதுதான் என்பது விளங்கும்.

இலையைப் பறிக்கும் விதத்தில்தான் பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. தண்ணீர் ஊற்றிய மறுநாள் இலைகள் நீர் நிறைந்து விறைத்திருக்கும், எளிதில் நடுவில் ஒடியும். ஆகவே மண் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில், செடியின் அடிப்பகுதியில் உள்ள, சுருக்கம் விழாத இலை ஒன்றை அதன் அடியில் பிடித்து இடமும் வலமும் மெதுவாக அசைத்தால் முழுதாகக் கழன்று வரும். இலை தண்டோடு ஒட்டியிருந்த விளிம்பு சிதையாமல் இருக்க வேண்டும், ஏனெனில் புதுத் தளிரை உருவாக்கும் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. நடுவில் ஒடிந்த எச்செவேரியா இலை பல வாரங்கள் பச்சையாகவே கிடக்கும், சில சமயம் வேரும் விடும், ஆனால் அதிலிருந்து செடி வருவது மிக அரிது.

பறித்த இலைகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் வைத்தால், நம் தோலில் பொருக்குக் கட்டுவதைப் போல அந்தக் காயத்தின் மேல் ஒரு காப்பு அடுக்கு உண்டாகும். அதன்பின் மண்ணின் மேல் சும்மா கிடத்தினால் போதும், புதைக்கத் தேவையில்லை. இத்தனை நாள் நீரின்றி ஓர் இலை எப்படி உயிரோடு இருக்கிறது என்று முதன்முறை பார்ப்பவர்கள் வியப்பார்கள். இந்தச் செடிகள் தங்கள் இலைத்துளைகளைப் பகலில் மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்துவைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைப் பயன்படுத்துகின்றன. வெயில் நேரத்தில் துளைகள் மூடியிருப்பதால் நீரிழப்பு மிகக் குறைவு; இலைக்குள் இருக்கும் நீரும் உணவும் குட்டிச் செடிக்குப் பல வாரங்களுக்குக் காணும்.

பல எச்செவேரியாக்களில் முதலில் இளஞ்சிவப்பு வேர்கள் தலைகாட்டும். பின்பு அதே இடத்தில் கடுகளவு ரோசாப்பூ போன்ற கொத்து தெரியும். சில இலைகள் வேரைக் கற்றையாக விட்டுவிட்டுத் தளிரே காட்டாமல் நின்றுவிடும். அவற்றை எறிந்துவிடாமல் ஓர் ஓரத்தில் வைத்திருந்தால் சில, வெகு தாமதமாக, தளிர்க்கவும் கூடும், தளிர்க்காதவையும் உண்டு. தாய் இலை வாடத் தொடங்கியதும் அழகுக்காக அதைக் கிள்ளிவிடும் பழக்கம் எனக்கு உடன்பாடானது அன்று. அது காகிதம் போல் காய்ந்து, தொட்டதும் கையோடு வரும்வரை குட்டிக்கு உணவு கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இலையில் வராத இனங்களை மற்றவர்கள் எப்படிப் பெருக்குகிறீர்கள் என்பதை எழுதுங்கள்.

மணற்பானை:

நான் இலைப்பக்கம் அதிகம் போவதில்லை. இலையிலிருந்து வந்த எச்செவேரியா கையகலச் செடியாவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். தலையை வெட்டி நட்டால் அதே அளவுச் செடி சில வாரங்களில் வேரோடு கிடைக்கிறது. வெளிச்சம் போதாமல் கணுவிடை நீண்டு, இலைகள் இடைவெளி விட்டு, தண்டு தொங்கிப் போன செடியை மீட்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீண்ட தண்டு மறுபடி குறுகாது. வெளிச்சத்துக்கு மாற்றினாலும் புதிதாக வரும் இலைகள் மட்டுமே நெருங்கி வளரும்.

எரிசாராயத்தால் துடைத்த கூர்மையான கத்தியால், தலைக்கொத்தின் கீழ் இரண்டு விரற்கடைத் தண்டு இருக்கும்படி வெட்டி, அடியில் உள்ள சில இலைகளை நீக்கிவிடுகிறேன்; நீக்கிய அந்த இலைகள் சன்னலோரம் அவர்கள் சொன்ன முறைக்குப் பயன்படும். வெட்டிய தலையை ஒரு வெறும் கண்ணாடிக் குவளையின் வாயில், தண்டு உள்ளே தொங்கும்படி உட்கார வைப்பது என் வழக்கம். குவளையில் தண்ணீர் கிடையாது. வெட்டுவாய் காய்ந்து, கண்ணுக்குத் தெரியும்படி வேர் நீட்டிய பிறகுதான் மண்ணுக்குப் போகிறது, ஆகவே மண்ணுக்குள் என்ன நடக்கிறதோ என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதில்லை. இலைகளின் மேல் இருக்கும் வெண்சாம்பல் பூச்சு மெழுகால் ஆனது. விரல் பட்ட இடத்தில் அழிந்தால் அந்த இலையில் திரும்ப வராது என்பதால் தண்டைப் பிடித்தே தூக்க வேண்டும்.

பலர் அடிக்கட்டையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது பெரும் இழப்பு. வளர்நுனி இருக்கும்வரை பக்க மொட்டுகளை அது அடக்கி வைத்திருக்கிறது. நுனி போனவுடன் அந்த மொட்டுகள் விடுபட்டு, ஒன்றுக்குப் பதிலாகப் பல குட்டிகள் கட்டையைச் சுற்றி முளைக்கின்றன. கட்டையில் சில இலைகளை விட்டுவைத்தால் அது விரைவில் தளிர்ப்பதைப் பார்க்கிறேன்.

ஏயோனியம் செடிக்குத் தண்டுதான் வழி. அதன் இலை அழகாகக் கழன்று வரும், ஆனால் பெரும்பாலும் காய்ந்து போவதோடு சரி. அது குளிர்ந்த பருவத்தில் வளர்ந்து கோடையில் உறங்கும் செடி என்பதால், கோடையில் வெட்டிய போத்து அசையாமல் நிற்கும்.

எச்செவேரியாவின் பூந்தண்டை மறந்துவிடாதீர்கள். பூத்து முடிந்ததும் அதிலுள்ள சிற்றிலைகளைத் திருகி எடுத்து மண்ணில் பரப்பினால், தலைக்கொத்தின் இலைகளை விடவும் நன்றாகத் தளிர்க்கும் வகைகள் இருக்கின்றன.

பச்சைப்பட்டை:

பாம்புச்செடி எனப்படும் மருள் வகையைப் பற்றிச் சொல்கிறேன். சான்செவீரியா என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட இது 2017 இல் டிரசீனா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. விற்பனையில் இன்னும் பழைய பெயரே வழங்குகிறது. எச்செவேரியாவுக்குச் சொன்ன விதி இங்கே தலைகீழாகிறது. இதன் இலையைக் குறுக்குவாக்கில் பல துண்டுகளாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் வேர்விட்டு, மண்ணுக்கடியில் கிழங்குத்தண்டை உண்டாக்கி, பிறகு தொலைவில் ஒரு புது இலையை மேலே அனுப்பும். ஒரே நிபந்தனை, துண்டின் அடிப்பக்கம் கீழே இருக்க வேண்டும். தலைகீழாக நட்டால் வேர்விடாது. வெட்டிய பிறகு எது மேல், எது கீழ் என்று கண்டறிவது கடினம் என்பதால், அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி அடையாளம் வைத்துக்கொள்கிறேன்.

மஞ்சள் விளிம்பு கொண்ட வகையை இப்படிப் பெருக்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விளிம்பு, மரபணுவில் வேறுபட்ட இரண்டு வகைத் திசுக்கள் அடுக்காக அமைந்ததால் வருவது. இலைத்துண்டிலிருந்து பிறக்கும் புதுத்தளிர் உள்ளடுக்குப் பச்சைத் திசுவிலிருந்து வருகிறது. எனவே பிள்ளைகள் அனைத்தும் விளிம்பில்லாத பச்சைச் செடிகளாகவே வரும். மஞ்சள் விளிம்பு வேண்டுமானால் தொட்டியைக் கவிழ்த்து, கிழங்குத்தண்டோடு பக்கக்கன்றைப் பிரித்து நடுவதைத் தவிர வேறு வழியில்லை.

காஸ்டீரியா இலைகளும் தளிர்க்கும், ஹவோர்த்தியாவும் தளிர்க்கும், ஆனால் பொறுமை வேண்டும். ஹவோர்த்தியாவில் இலையின் அடியில் தண்டின் வெண்ணிறத் திசு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் எனக்குப் பலன் கிடைக்கிறது.

முள்வேலி:

கற்றாழை இலையை மண்ணில் நட்டுக் காத்திருப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். அது அழுகும், அல்லது நெடுநாள் பச்சையாக நின்று நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பின்பு அழுகும். கற்றாழையிலும் ஆனைக்கற்றாழையிலும் புதுச்செடியை ஆக்கும் மொட்டு தண்டில் இருக்கிறது, இலையில் இல்லை. பக்கக்கன்றுகளை, தாய்ச்செடியின் அளவில் ஐந்தில் ஒரு பங்காவது வளர்ந்து சொந்த வேர் பிடித்த பிறகு பிரித்தெடுப்பதுதான் முறை. ஆனைக்கற்றாழை இனங்களில் சில, வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும்போது அந்தப் பூந்தண்டிலேயே சிறு கன்றுகளைத் தாங்கி நிற்கும். அவற்றையும் எடுத்து நடலாம்.

திருகுகள்ளி, சதுரக்கள்ளி போன்ற பால்வடியும் இனங்களை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடும் வலியும் பார்வைக்கு ஊறும் உண்டாகும். பட்டுவிட்டால் ஏராளமான நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெட்டுவாயை உடனே நீரில் பிடித்தால் பால் நின்றுவிடும், அதன்பின் ஒரு வாரமோ அதற்கு மேலோ காயவிட்டு நடலாம்.

அடீனியம் போத்தும் வேர்விடும். ஆனால் அதை வாங்குபவர் எதிர்பார்க்கும் பருத்த அடித்தண்டு விதையிலிருந்து வளர்ந்த செடியைப் போல் அதில் எளிதில் அமைவதில்லை.

ஈரக்கை:

தண்ணீரைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மண்ணின் மேல் கிடக்கும் இலைகளுக்கு நாள்தோறும் தெளிப்பானால் நீர் தெளிக்கும்படி பல காணொளிகள் சொல்கின்றன. அப்படித் தெளிக்கும் நீர் மேல்மண்ணை மட்டும் நனைத்து, இலையின் காயத்தை ஈரமாகவே வைத்துப் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. வேர் வரும்வரை நான் நீரே காட்டுவதில்லை. வேர் மண்ணைத் தொட்ட பிறகு, தொட்டியைத் தட்டில் வைத்து அடியிலிருந்து நன்றாக நீர் ஏறவிட்டு, முழுதும் காய்ந்த பின்னரே அடுத்த நீர். நீரைத் தேடி வேர் கீழே இறங்குவது இப்போதுதான். ஆனால் மிக வறண்ட காற்று உள்ள இடத்தில், நூலிழை போன்ற முதல் வேர்கள் மண்ணை எட்டும் முன்பே கருகிவிடுவதையும் பார்த்திருக்கிறேன். அங்கே வேரின் மேல் சிட்டிகை மண்ணைத் தூவி, அந்த இடத்தை மட்டும் நனைப்பது உதவுகிறது.

தண்ணீர்க் குவளையில் வேர்விட வைப்பது முடியாத காரியம் அன்று. ஜேட் போத்து நன்றாகவே வேர்விடும். ஆனால் நீரில் வந்த வேர் மண்ணுக்கு மாறும்போது தடுமாறுவதால், அதனால் என்ன மிச்சமாகிறது என்பது எனக்குப் புரியவில்லை. மண்கலவையில் பாதிக்கு மேல் பெர்லைட், பருமணல், எரிமலைக் கல் போன்ற நீர் தங்காத பொருள் இருந்தால் மற்றவை எதுவானாலும் சமாளிக்கலாம். வேர்த்தூண்டுப் பொடி இலைக்குத் தேவையில்லை. சில வேளைகளில் வேரை மட்டும் மிகுதியாக்கித் தளிரைத் தாமதப்படுத்துகிறதோ என்று ஐயுறுகிறேன்.

கூரைநிழல்:

எல்லோரும் முளைக்கவில்லை என்று கவலைப்படும்போது, முளைப்பதை நிறுத்த முடியாத என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரணகள்ளி இலையைச் செடியிலிருந்து பிரித்து மேசையில் போட்டாலே அதன் விளிம்புப் பள்ளங்களில் கன்றுகள் வரிசையாக எழும். அதன் உறவினமான டெய்க்ரெமோன்டியானா கலன்ச்சோ அதற்கும் மேல். இலை செடியில் இருக்கும்போதே விளிம்பு முழுவதும் வேரோடு கூடிய கன்றுகளைச் சுமந்து நின்று, லேசான அதிர்வில் அவற்றைக் கொட்டிவிடும். பக்கத்துத் தொட்டிகள், தரையின் இடுக்குகள், மழைநீர்க் குழாயின் வாய் என்று எங்கும் அவை முளைப்பதால், இப்போது ஒரே தொட்டியை அகலத் தட்டின் நடுவில் தனியாக நிறுத்தி, கொட்டியவற்றைக் கூட்டி எடுத்து மூடிய பையில் போட்டு அப்புறப்படுத்துகிறேன். இந்தக் குழுவைச் சேர்ந்த செடிகளில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இவை களையாகப் பரவி, மேய்ந்த கால்நடைகள் இறந்திருக்கின்றன. வளர்ப்பு விலங்குகள் இருக்கும் வீட்டில் எட்டாத இடத்தில் வைப்பதே நல்லது. இதைப் பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும்போது முன்னதாக எச்சரித்துவிடுவது நாகரிகம்.

சன்னலோரம்:

தண்ணீரைப் பற்றி ஈரக்கை அவர்கள் எழுதியதை ஏற்கிறேன், வேர்த்தூண்டுப் பொடி பற்றிய ஐயம் உட்பட. தனித்தொட்டிக்கு மாற்றும் நேரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்த்துவிடுகிறேன். தாய் இலை முற்றிலும் காய்ந்து, குட்டியின் அகலம் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆகும்வரை அதை அசைக்காமல் இருப்பதே நல்லது. மாற்றிய பின்பும் நேர்வெயிலுக்கு ஒரேயடியாகக் கொண்டுபோகாமல், காலை வெயிலில் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களில் பழக்க வேண்டும். ஒருமுறை வெந்த இலையின் தழும்பு போகாது. தளிர் இலைகளின் இடுக்கில் பஞ்சு போல வெண்மையாக ஏதேனும் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. தாய்ச்செடியிலிருந்தே அது இலையோடு வந்துவிடும் என்பதால் பறிக்கும் முன் செடியின் அடியையும் இலைக்கக்கங்களையும் பார்த்துவிடுங்கள்.

பச்சைப்பட்டை அவர்கள் விளிம்பு நிறத்தைப் பற்றி எழுதியது பல நிறம் கலந்த எச்செவேரியாவுக்கும் பெரிதும் பொருந்தும். அதன் இலைகள் பெரும்பாலும் வெறும் பச்சைக் குட்டிகளையே கொடுக்கும். சில, பச்சையமே இல்லாத வெள்ளைக் குட்டிகளைக் கொடுக்கும், அவை தாய் இலையின் சேமிப்புத் தீர்ந்ததும் உணவு தயாரிக்க வழியின்றி மடிந்துவிடும். அத்தகைய செடிக்கு மணற்பானை அவர்களின் கத்தியே ஏற்றது. தலையை வெட்டி, அடிக்கட்டையில் வரும் குட்டிகளில் இரு நிறமும் கலந்திருப்பவற்றை மட்டும் பிரித்து நட்டால் அந்த நிறத்தைத் தக்கவைக்கும் வாய்ப்பு மிகுதி.