நம்பிக் கொடுத்த சங்கிலியை அடகு வெச்சுட்டாங்க. இது திருட்டு ஆகாதுங்களா?

தறிக்காரி:

வணக்கங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி ஒண்ணுல செக்கிங்ல இருக்கேன். பக்கத்து டேபிள் அக்கா ஒருத்தங்க பொண்ணுக்கு 2025 மார்ச்ல வளைகாப்பு. "வெறும் மஞ்சக்கயிறோட நின்னா சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க, விசேஷம் முடிஞ்சதும் தந்தர்றேன்"னு கேட்டாங்க. என் மூணரைப் பவுன் முறுக்குச் சங்கிலியை நானே கழட்டிக் குடுத்தேன். வளைகாப்புக்குப் போய்ச் சாப்பிட்டும் வந்தேன். சங்கிலி மட்டும் வரல. இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்து, கடைசியில அடகுல இருக்குங்கறாங்க. ஸ்டேஷன்ல "நீயேதானம்மா குடுத்த, இது எப்படித் திருட்டாகும்"னு சொல்லி புகாரை வாங்கிக்கிட்டதுக்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் குடுத்தாங்க. என் நகை, என்னைக் கேக்காம வெச்சுட்டாங்க. இது திருட்டு இல்லன்னா பின்ன என்னங்க?

கார்மேகம்:

தட்டிக்கழிக்கறாங்க அக்கா. திருட்டுக்கான செக்ஷன் 379-ல எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லுங்க. மாட்டேன்னா நேரா கமிஷனர் ஆபீஸ்ல மனு குடுங்க.

பழைய ரைட்டர்:

கார்மேகம் தம்பி, 379 இப்ப இல்ல. 2024 ஜூலை 1-லேர்ந்து நடந்த குற்றத்துக்கெல்லாம் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு (இ.த.ச.) பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, பி.என்.எஸ்.தான், திருட்டு 303-க்குப் போயிடுச்சு. ஆனா நம்பரை மாத்தினாலும் இந்த அம்மாவுக்கு அது பொருந்தாது.

நான் ஸ்டேஷன் ரைட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். வர்றவங்க அழுதுக்கிட்டே சொல்றதைப் பிராதா எழுதறதுதான் 19 வருஷம் என் பொழப்பு. நகை போனாலும் பணம் போனாலும் எல்லாரும் "திருடிட்டாங்க சார்"னுதான் ஆரம்பிப்பாங்க. பேச்சுக்கு அது சரி. திருட்டுன்னு எழுதணும்னா பொருள் அசையற பொருளா இருக்கணும், ஒருத்தர் வசத்துல இருக்கணும், அவர் சம்மதம் இல்லாம, நேர்மையில்லாத எண்ணத்தோட அதை நகர்த்தியிருக்கணும். நகர்த்தினது ஒரு சாணா இருந்தாலும் போதும்.

இதுல பலபேர் கோட்டை விடற சொல்லு "வசம்". பொருள் யாருக்குச் சொந்தம்னு பாக்கறதுக்கு முன்னாடி, யார் வசத்துலேர்ந்து போச்சுன்னு சட்டம் பாக்கும். உங்க வாட்சை நீங்களே திருட முடியும்னா நம்புவீங்களா? சட்டப் புஸ்தகத்துலயே இருக்கற உதாரணம் அது. ரிப்பேருக்குக் குடுத்த வாட்சு, கூலி பாக்கி, அந்தப் பாக்கிக்கு ஈடா கடைக்காரர் அதை வெச்சிருக்கார். அவருக்கு அந்த ஈடு இல்லாமப் பண்ணணும்னே நீங்க எடுத்துட்டு வந்தா அது திருட்டு.

உங்க கேஸ்ல வசம், சம்மதம் ரெண்டுமே இடிக்குதும்மா. கழட்டிக் கையில குடுத்தது நீங்க. இதே சங்கிலியை ரெண்டு பேர் பைக்ல வந்து கழுத்துலேர்ந்து இழுத்துட்டுப் போயிருந்தா பறிப்பு, 304. கத்தியைக் காட்டியிருந்தா கொள்ளை, 309. அதையே அஞ்சு பேர் சேர்ந்து செஞ்சிருந்தா கூட்டுக்கொள்ளை, 310. சங்கிலி அதேதான், அது போன வழிதான் வேற.

நீங்க சொல்றதை வெச்சுப் பாத்தா இது நம்பிக்கை மோசடி, 316. இதுக்கு ரெண்டு விஷயம் வேணும். என்ன பேச்சுல ஒப்படைச்சீங்க? அந்தப் பேச்சுக்கு விரோதமா அவங்க நேர்மையில்லாம நடந்தாங்களா? விசேஷத்துக்குப் போட்டுக்கக் குடுத்ததை அடகுல வெச்சாச்சு. திருட்டு இல்லேன்னதும் கேஸ் சின்னதாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. சாதாரணத் திருட்டுக்கு 3 வருஷம் வரைக்கும். இதுக்கு 5 வருஷம் வரைக்கும்.

"மீட்டுத் தர்றதாத்தான் இருந்தேன்"னு அந்தம்மா சொல்வாங்க. அதை வெச்சு முழுசாத் தப்பிச்சுக்க முடியாது. 1952-ல ஜோத்பூர்ல பயிற்சியில இருந்த விமானப்படை கேடட் ஒருத்தர் அனுமதி இல்லாம ஒரு ஹார்வர்டு விமானத்தை எடுத்துட்டுப் போய்ப் பாகிஸ்தான்ல இறங்கினார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. கொஞ்ச நேரத்துக்கு எடுத்தாலும் திருட்டு திருட்டுதான்னு 1957-ல சொல்லிட்டாங்க. அது திருட்டுக் கேஸ்தான், ஆனா நேர்மையில்லாத எண்ணம்னா என்னங்கறது ரெண்டுக்கும் பொது.

ஒண்ணு கேக்கணும். அடகுச் சீட்டைப் பாத்தீங்களா? தேதி என்ன போட்டிருக்கு?

மூணாம் வருஷம்:

சார், சட்டக் கல்லூரி மாணவன். 316-ஓட ஏமாத்துதலையும், அதாவது பழைய 420-ஐயும் சேர்த்தே போட்டா ஸ்ட்ராங்கா இருக்காதா? ஏதாவது ஒண்ணு நிக்குமே.

பழைய ரைட்டர்:

தம்பி, நானும் அப்படித்தான் எழுதியிருக்கேன். நம்பிக்கை மோசடிக்குப் பழைய நம்பர் 406. "406, 420 இ.த.ச."ன்னு கை தானா ஓடும். சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல டெல்லி ரேஸ் கிளப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இந்தப் பழக்கத்தைத்தான் கண்டிச்சது. ஏமாத்துதல்னா வாங்கும்போதே மனசுல கள்ளம் இருக்கணும். நம்பிக்கை மோசடின்னா நல்லபடியா வாங்கி, அப்புறம் மனசு கெட்டிருக்கணும். ஒரே சம்பவத்துல ஒரே பொருளுக்கு ரெண்டும் எப்படி நிக்கும்? அந்த அம்மாகிட்ட நான் தேதி கேட்டதும் இதுக்குத்தான்.

தறிக்காரி:

அய்யா, அந்தக்கா வீட்டுக்காரர் சீட்டை போன்ல காமிச்சார், அப்பவே போட்டோ எடுத்து வெச்சேன். இப்பத்தான் தேதியை உத்துப் பாத்தேன். நான் குடுத்தது பிப்ரவரி 27, வியாழக்கிழமை, ஷிப்ட் முடிஞ்சு. சீட்டுல பிப்ரவரி 28. வளைகாப்பு மார்ச் 9. அன்னைக்கு அவங்க கழுத்துல சங்கிலி இருந்துச்சுங்க, நான் பாத்தேன். இப்ப விசேஷ போட்டோவைப் பெருசு பண்ணிப் பாக்கறேன், அது கவரிங். என் சங்கிலி கொக்கிகிட்ட ஆசாரி பத்தவெச்ச கருப்புத் தடம் ஒண்ணு இருக்கும். இதுல அது இல்ல. நான் அவங்க பக்கத்துலயே நின்னு பொண்ணுக்கு வளையல் போட்டுவிட்டேன்.

பழைய ரைட்டர்:

அப்ப நான் மேல எழுதினதை மாத்திக்கறேன்.

வாங்கின மறுநாளே அடகு. விசேஷத்துக்கு ஒன்பது நாள் முன்னாடி. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சு கவரிங் வேற. இது ஏமாத்துதல் பக்கம் சாயுது, 318(4). தண்டனை 7 வருஷம் வரைக்கும். உங்க சம்மதத்தையே பொய் சொல்லி வாங்கியிருக்காங்க. எதிரித் தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். "ராத்திரி திடீர்னு ஆஸ்பத்திரிச் செலவு வந்துச்சு, அதான் வெச்சாங்க"ம்பார். அது எடுபட்டா மறுபடி 316. அதனால மனுவுல செக்ஷன் நம்பரே எழுதாதீங்க. "திருடிவிட்டார்"ங்கற சொல்லும் வேண்டாம். என்னைக்கு, எங்க நின்னு, என்ன வார்த்தை சொல்லிக் கேட்டாங்க, பக்கத்துல யார் இருந்தாங்க, சீட்டுத் தேதி, விசேஷத் தேதி, போட்டோ, இதையெல்லாம் வரிசையா எழுதுங்க. எந்தச் செக்ஷன்ங்கறதை அவங்க பாத்துக்கட்டும்.

இன்னொண்ணு. பழைய சட்டத்துல, ஏமாத்தி வாங்கின பொருள் "திருட்டுச் சொத்து"ங்கற வரையறைக்குள்ள வரல. பி.என்.எஸ். 317-ல அதையும் சேர்த்துட்டாங்க. கேஸ் பதிவானா அடகுக் கடையிலேர்ந்து சங்கிலியைக் கைப்பற்றலாம். கேஸ் முடியற வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டியதில்ல, பத்திரம் எழுதிக் குடுத்து இடைக்காலமா வாங்கிக்க மாஜிஸ்திரேட்கிட்ட மனு போடலாம், அதுக்கு நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல செக்ஷன் 497. எடை, முறுக்கு டிசைன், அந்தக் கருப்புத் தடம் மூணையும் மறக்காம எழுதுங்க. கடைக்காரர் ஏலத்துக்கு விடறதுக்குள்ள சீக்கிரம் குடுங்க.

தறிக்காரி:

நாளைக்கு லீவு சொல்லிட்டேங்க அய்யா. நகை பில்லு எங்கப்பா பேருல இருக்கு, அது பரவாயில்லைங்களா?

பழைய ரைட்டர்:

பரவாயில்லம்மா. உங்க கழுத்துலேர்ந்துதானே கழட்டிக் குடுத்தீங்க. பில்லோட ஜெராக்ஸ் ரெண்டு எடுத்துக்குங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. அவர் ஒரு சாட்சி.