பெரிய கம்பெனி வேலையை விடப் போகிறானாம் மகன், இளசுகள் கொஞ்சம் விளக்குங்கள்

வலங்கைமான்காரன்:
நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து செயலாளராக ஓய்வு பெற்றவன். மகன் சென்னையில், பேர் சொன்னால் எல்லோருக்கும் தெரிகிற ஐடி கம்பெனியில் இருக்கிறான். சம்பளத்துக்குக் குறையில்லை, ஏசி, கேப், கேன்டீன் எல்லாம் உண்டு. போன வாரம் ஊருக்கு வந்தவன் பேப்பர் போடப் போகிறேன் என்கிறான். ஏண்டா என்றால் "கல்ச்சர் சரியில்லைப்பா". யாராவது திட்டுகிறார்களா என்றால் அதெல்லாம் இல்லையாம். பிறகு என்னதான் பிரச்சினை?

மன்னை எக்ஸ்பிரஸ்:
ஐயா, திட்டினால்கூடத் திருப்பி ஒரு வார்த்தை சொல்லலாம். வருஷக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டு, உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் டீமில் இத்தனை பேருக்குத்தான் நல்ல ரேட்டிங் கொடுக்க முடியும், இந்தத் தடவை விட்டுக்கொடு என்பார். பெல் கர்வ் என்று அதற்கு ஒரு பேர் வேறு. ஹைக் என்கிற சம்பள உயர்வு, வேரியபிள் பே என்கிற ஊக்கத்தொகை எல்லாம் அந்த ரேட்டிங்கை வைத்துத்தான். அதே மனிதர் மறுநாள் டவுன்ஹால் என்கிற கம்பெனிக் கூட்டத்தில் நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசுவார். எங்கள் ஊர் பங்காளிச் சண்டையே இதைவிட நேர்மையாக நடக்கும்.

திருவாரூர் பொண்ணு:
எனக்கு ரேட்டிங்கைவிட லீவுதான் எரிச்சல். கணக்கில் இருக்கும், எடுக்க முடியாது. நவம்பர் மழையில் சம்பா மூழ்கி அப்பா ஒத்தை ஆளாகத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார் என்று இரண்டு நாள் கேட்டேன். உடனே அப்ரூவ் ஆனது, "லேப்டாப்பை மட்டும் கையோடு கொண்டுபோங்க" என்ற வாலோடு. வரப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு ஹாட்ஸ்பாட்டில் கால் பேசுகிறேன், பின்னால் என்ன மோட்டார் சத்தம், மியூட் பண்ணுங்க என்கிறார்கள். 2023இல் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கச் சொன்னாரே, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாருக்கும் கோபமே வரவில்லை, புதுசாக என்ன சொல்லிவிட்டார் என்று சிரித்தார்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் 1947இலேயே வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதிவைத்திருக்கிறது, அது வேறு கதை.

மாயவரம் டீம் லீட்:
நாற்பதைத் தாண்டியவன் பேசுகிறேன், அடிக்க வராதீர்கள். பசங்க சொல்வதில் பொய்யில்லை. மேலிருந்து விழுவதை நான் கீழே தள்ளுகிறேன், அவ்வளவுதான் என் வேலை. ஆனால் தேதிக்குச் சம்பளம் போடாத சின்னக் கம்பெனிகளும் இருக்கின்றன. ஒரே கம்பெனியில் மேனேஜர் மாறினாலே ஆள் தெளிந்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன், முதலில் ப்ராஜெக்ட் மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகு பேப்பர் போடட்டும். நோட்டீஸ் 90 நாள் என்று பழைய கம்பெனி பிடித்துவைக்கும், புதுக் கம்பெனி 30 நாளில் வா என்னும், அந்த இழுபறியையும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

மன்னை எக்ஸ்பிரஸ்:
தஞ்சாவூரில் 2024இல் டைடல் நியோ என்று ஐடி பார்க் திறந்தார்களே, அங்கே ஏதாவது கிடைத்தால் நானே முதல் ஆளாக ஓடிவந்துவிடுவேன்.

வலங்கைமான்காரன்:
எல்லோருக்கும் நன்றி தம்பி, பாப்பா. இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன். ஆஃபர் லெட்டர் ஏற்கெனவே வந்துவிட்டதாம், சம்பளம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்காதாம். அவன் அம்மா போன மாசமே சரி சொல்லிவிட்டாளாம். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.