புதுப்பிப்பு: அம்மாவுக்குப் போன் வழி வைத்தியம், மூன்று மாதம் கழித்து

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சீனியும் பிரஷரும். கிளினிக் போனால் ஒரு நாள் சம்பளம் போகிறது, போனில் வைத்தியரைப் பார்த்தால் சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சரிவருகிறது, ஆனால் பாதிதான். லயத்துக்குள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குள், சிக்னல் இல்லை. கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் வீடியோ. ஏறிய களைப்போடு பார்த்த பிரஷர் 170ஐத் தாண்டியது. வைத்தியர் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து மறுபடி பார்க்கச் சொன்னார். 148. இப்போது வீட்டிலேயே காலை, மாலை பார்த்துக் கொப்பியில் எழுதி, மேட்டுக்குப் போய் நான் வாசித்துக் காட்டுகிறேன். அதற்கு வீடியோ கூடத் தேவையில்லை.

பெரிய மாற்றம் மொழியால்தான் வந்தது. முதல் வைத்தியரிடம் நான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னேன். அடுத்தவர் தமிழில் பேசினார். காலில் எரிவு, இரவில் தூக்கமில்லை என்று அம்மா அவரிடம்தான் வாய் திறந்தார். எத்தனை மாதமாகவோ என்னிடம் மறைத்திருக்கிறார். மனது கேட்கவில்லை.

காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று அவரே நேரில் அனுப்பினார். போனோம். கடைசி இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கும் இரத்தம் கொடுத்தோம்.

அப்புறம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் வீடியோவுக்குக் காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.