வினாத்தாள் பொதிகளை விரிக்கப் பிள்ளைகளுக்கு டெர்மினல் தேவையா?

கனகராயன்ஆறு:
கடந்தகால வினாத்தாள்கள், விடைத்திட்டங்கள், சில காணொளிகள் எல்லாவற்றையும் ஸிப் பைலாக, அதாவது பல பைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டின பொதியாக, கிளிநொச்சியில் இறக்கி, பென் டிரைவில் துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். பல ஆய்வுகூடங்களில் பழைய கணினிகள்தான், விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறது. இந்த முறை பொதியோடு ஒரு தாளும் வைக்க நினைக்கிறேன். பைலை மவுஸால் திறக்காமல், டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்கிற திரையில், எப்படி விரிப்பது என்று அதில் இருக்கும்.

ஏன் என்று கேட்பீர்கள். பொதி முழுதாக வந்ததா என்பது நகரத்தை விட்டு வெளிக்கிட முதலே தெரியவேண்டும். மல்லாவிக்குப் போய்த் திறந்து பார்த்து, பாதிதான் இருக்கிறது என்றால் திரும்பி வர ஒரு நாள் போய்விடும். ஆலையில் இறக்கின பிறகா நெல்லு மூட்டையில் ஓட்டை பார்க்கிறது? 'அன்ஸிப் -ரீ' ('ரீ' என்பது 'டெஸ்ட்' என்பதன் முதல் ஆங்கில எழுத்து) என்று கொடுத்துப் பைல் பெயரைச் சொன்னால், ஒன்றையும் வெளியே எடுக்காமல் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பைலையும் வாசிக்கும். அதற்கென்று எழுதிவைத்த சிஆர்சி எண்ணோடு (பைலின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டு, கடைசியில் பிழை இல்லை என்று ஒரு வரி தரும். அந்த வரியைக் கண்ட பிறகு பஸ் ஏறலாம். மவுஸால் திறக்கிற பழக்கத்தில் இந்தச் சோதனை ஒருவருக்கும் நினைவு வருவதில்லை.

ஆசிரியர்மார் என்ன சொல்கிறீர்கள்?

மல்லாவி ரீச்சர்:
எனக்கு உடன்பாடில்லை. ஒரு கணினிக்கு மூன்று நாலு பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இருந்து சொல்கிறேன். பிள்ளை வந்தது கணக்குத் தாளைச் செய்ய. ரைட் கிளிக் பண்ணி 'இங்கே விரி' என்றால் தாள் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். டெர்மினலில் இடைவெளி ஒன்று தவறினால் பிழை, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் பிழை.

பிழை என்று சொல்லி நின்றாலும் பரவாயில்லை. டார் என்கிற, பொதி கட்டி விரிக்கும் இன்னொரு கருவியை எடுங்கள். அதில் சின்ன 'சி' புதுப் பொதி கட்டுவது, பெரிய 'சி' எந்தப் போல்டரில் விரிப்பது என்று சொல்வது. பொதியை விரிக்க 'எக்ஸ்எஃப்' அடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பிள்ளை 'சிஎஃப்' அடித்து, பொதியின் பெயருக்குப் பின்னால் ஒரு போல்டர் பெயரையும் கொடுத்துவிட்டால், இருந்த பொதி போய் அதே பெயரில் வேறொன்று நிற்கும். கேள்வியும் கேட்காது. மவுஸில் அப்படி ஒரு விபத்து நடக்காது.

அறிவியல்நகர் பெடியன்:
ரீச்சர், அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் போல்டர் பெயர் கொடுக்காமல் 'சிஎஃப்' மட்டும் அடித்தால் வெற்றுப் பொதி கட்ட மாட்டேன் என்று டார் மறுத்துவிடும். கொடுத்தால்தான் ஆபத்து. அதற்கும் வழி உண்டு. கணினியில் கொப்பி பண்ணிய பிறகு பொதியை 'வாசிக்க மட்டும்' என்று ஆக்கிவிடுங்கள். சாதாரணப் பயனராக இருக்கிற பிள்ளையால் அதற்கு மேல் எழுத ஏலாது.

அண்ணை சொன்ன சோதனை ஏன் முக்கியம் என்றால், ஸிப் பைலில் உள்ளடக்கப் பட்டியல் கடைசியில்தான் இருக்கிறது. டேட்டா முடிந்து இறக்கம் 90 வீதத்தில் நின்றால் பட்டியலே வந்து சேராது. மவுஸால் திறந்தால் 'திறக்க முடியவில்லை' என்று ஒரு பெட்டி வரும், அவ்வளவுதான். முழுக்கப் பழுது என்று நினைத்துப் பிள்ளை அழித்துவிடும். ஆனால் அறுந்த இடத்துக்கு முன்னால் இருக்கிற தாள்கள் எல்லாம் நல்லபடி உள்ளேயே கிடக்கும். 'ஸிப் -எஃப்எஃப்' கொடுத்து, '--அவுட்' என்று ஒரு புதுப் பெயரும் சொன்னால், ஒவ்வொரு பைலுக்கும் முன்னால் இருக்கிற சின்னத் தலைப்பைத் தேடிப் பிடித்துப் பட்டியலைத் திரும்பக் கட்டும். டாரில் கட்டி ஜிஸிப்பால் சுருக்கின பொதியில் அந்த வேலையும் இல்லை. 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த டார், காந்த நாடாவில் வரிசையாக எழுதி வரிசையாக வாசிக்கச் செய்தது. முன்னால் இருந்து விரித்துக்கொண்டு போகும், அறுந்த இடத்தில் நிற்கும்.

பிகேஸிப் என்ற மென்பொருளோடு பில் காட்ஸ் 1989இல் ஸிப்பைக் கொண்டுவந்த காலத்தில் பிளொப்பிதான். ஒரு பைலைச் சேர்த்தால் முழுவதையும் திரும்ப எழுதாமல், பட்டியலை மட்டும் கடைசியில் புதிதாக எழுதலாம் என்பது அதில் உள்ள வசதி. எங்கள் வலையமைப்புக்குத்தான் அது பொருந்தவில்லை.

கொமியூனிகேஷன்காரன், புதுக்குடியிருப்பு:
நான் ரீச்சர் பக்கம். தம்பி சொன்ன எல்லாமே மவுஸிலும் இருக்கிறது. செவன்ஸிப் என்ற பொதி விரிக்கும் மென்பொருளைத் திறந்தால் மேல் வரிசையிலேயே 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான். அதுவும் அதே சிஆர்சியைத்தான் பார்க்கிறது. வால் அறுந்த ஸிப்பையும் திறந்து, எடுக்கக்கூடியதை எடுத்துத் தரும். 1999இல் இருந்து இலவசம். விண்டோஸ் இருக்கிற ஆய்வுகூடங்களில் ஏன் பிள்ளைகளை வருத்துவான்?

டெர்மினல்காரர் சொல்லாமல் விடுகிற ஒன்றை நான் சொல்கிறேன். கடைக்கு ஒரு தம்பி மடிக்கணினியோடு வந்தான். பொதிக்குள் கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று போல்டர்கள், ஒவ்வொன்றிலும் '2019', '2020', '2021' என்று ஆண்டுப் பெயரில் பைல்கள். அவன் எங்கேயோ பார்த்து, டெர்மினலில் செவன்ஸிப்புக்கு 'எக்ஸ்' கொடுக்காமல் 'ஈ' கொடுத்திருக்கிறான். 'எக்ஸ்' போல்டர்களை அப்படியே வைத்து விரிக்கும். 'ஈ' போல்டர்களைக் கழற்றிவிட்டு எல்லாப் பைலையும் ஒரே இடத்தில் கொட்டும். ஒரே பெயரில் அடுத்தது வந்தபோது மேலே எழுதட்டோ என்று கேட்டிருக்கிறது, இவன் எல்லாவற்றுக்கும் ஓம் என்று அடித்துவிட்டான். மிஞ்சியது கடைசியாக வந்த பாடம் மட்டும். மற்றத் தாள்கள் தரவே இல்லை என்று, பொதி கொடுத்தவரைத் திட்டிக்கொண்டு வந்தான்.

இன்னொன்று. எல்லாப் பொதியையும் ஒரேயடியாக விரிக்க 'அன்ஸிப் *.ஸிப்' என்று அடித்துப் பாருங்கள். பெயர் பொருந்தவில்லை என்று வரும். செவன்ஸிப்பில் எல்லாவற்றையும் தெரிந்து ரைட் கிளிக் பண்ணினால் ஒவ்வொன்றும் தன் தன் போல்டரில் விரியும்.

அறிவியல்நகர் பெடியன்:
நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள் வைத்தால் சரி அண்ணை. வைக்காவிட்டால் ஷெல், அதாவது டெர்மினலில் அடிக்கிற கட்டளையை வாங்கி ஓட்டுகிற நிரல், அதை முதலே எல்லாப் பொதிகளின் பெயர்களாக மாற்றிவிடும். முதல் பெயரைப் பொதி என்றும், மற்றப் பெயர்களை அந்தப் பொதிக்குள் தேட வேண்டிய பைல்கள் என்றும் அன்ஸிப் எடுத்துக்கொள்ளும். இதை ஒரு தரம் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஷெல் எப்படி வேலை செய்கிறது என்பதே விளங்கிவிடும். அதை நான் நட்டமாகப் பார்க்கவில்லை.

மல்லாவி ரீச்சர்:
உங்களுக்கு நட்டமில்லை தம்பி. நீங்கள் பொறியியல் படிக்கிறீர்கள். என் பிள்ளைகளில் அநேகம் பேருக்கு அந்தப் பாடவேளையை விட்டால் கணினியே இல்லை.

நெடுங்கேணி வாசுகி:
இரண்டு பக்கமும் தொடாத ஒன்று பாதுகாப்பு. நான் பார்க்கிற கணினிகளில் வின்ரார் என்ற பொதி விரிக்கும் மென்பொருள் பழைய பதிப்பிலேயே கிடக்கிறது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. 2019 பெப்ரவரியில் அதில் ஒரு ஓட்டை வெளியே வந்தது. ஏஸ் வகைப் பொதிகளைத் திறக்கிற பழைய துணைப் பைல் ஒன்றின் குறை, 19 வருடமாக உள்ளே இருந்திருக்கிறது. நீங்கள் ஒரு போல்டரைச் சொல்ல, பொதி தன் பைலை வேறொரு போல்டரில், விண்டோஸ் தொடங்கும்போதே ஓடுகிற இடத்தில் கூடக் கொண்டுபோய் வைக்கலாம். 2023இல் இன்னொன்று: பொதிக்குள் இருக்கிற படத்தைச் சொடுக்கினால், அதே பெயர் வைத்த போல்டரில் ஒளித்திருந்த ஸ்கிரிப்ட் ஓடியது. 6.23ஆம் பதிப்பில்தான் அடைத்தார்கள். பென் டிரைவ் கைமாறிக் கைமாறி வருகிற ஊரில் இது சின்ன விசயம் இல்லை.

டெர்மினல் என்றால் தப்பினோம் என்றும் இல்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் யாரோ திட்டம்போட்டுப் பின்கதவு (வெளியாள் இரகசியமாக உள்ளே வர ஒரு வழி) வைத்திருந்தது பிடிபட்டது. எதைப் பாவித்தாலும் புதுப்பியுங்கள். விரிக்க முதல் 'அன்ஸிப் -எல்' கொடுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். வினாத்தாள் பொதிக்குள் '.எக்ஸ்இ' என்று முடிகிற, ஓடக்கூடிய நிரல் பைல் கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

கனகராயன் அண்ணை, பைல் பெயர்களைத் தமிழில் வைக்கிறீர்களா? பெயர் யூனிகோட்டில் இருக்கிறது என்று சொல்லும் குறி பொதியில் இல்லாவிட்டால் விரிக்கும்போது பெயர் சிதைந்துவிடும். உபுண்டுவின் அன்ஸிப்பில் பெரிய 'ஓ' போட்டு, யூனிகோட்டின் ஒரு வடிவமான யூடிஎஃப்-8 என்று சொன்னால் சில பொதிகள் சரிவரும். கட்டும்போதே பெயர் கேள்விக்குறிகளாகப் போயிருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

கனகராயன்ஆறு:
வாசுகி, பெயர்களை இனி ஆங்கில எழுத்திலும் ஆண்டிலும் வைக்கிறேன். பாடத்தின் பெயரையும் சேர்த்தே வைப்பேன், கடைக்கு வந்த தம்பிக்கு நடந்தது வேறு ஒருவருக்கும் நடக்கக்கூடாது.

டெர்மினலை விட மாட்டேன் என்று நான் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பொதி திறக்கவில்லை என்று ஒட்டுசுட்டானில் இருந்து போன் வரும். 'ஒரு பெட்டி வந்தது சேர், மூடிட்டன்' என்பார்கள். பெட்டியில் என்ன இருந்தது என்று தெரியாது. ஒவ்வொரு கணினியிலும் பதிப்பு வேறு, மெனு வேறு. டெர்மினலில் வந்தது அப்படியே நிற்கும், வாசித்துக் காட்டலாம், படமெடுத்து அனுப்பலாம். எந்தப் பைலில் சிஆர்சி பிழைத்தது என்று பெயரோடு தெரியும். அந்த ஒரு பைலை மட்டும் அனுப்பினால் போதும், முழுப் பொதியையும் திரும்ப இறக்கத் தேவையில்லை.

கொமியூனிகேஷன்காரன், புதுக்குடியிருப்பு:
போனில் 'கோடு, ரீ, இடைவெளி' என்று சொல்லிக்கொடுத்துப் பாருங்கள் அண்ணை. 'ரீ'யா 'டீ'யா என்பதிலேயே பாதி நேரம் போகும். அன்ஸிப்பில் 'டீ' என்றால் வேறு வேலை.

மல்லாவி ரீச்சர்:
கனகராயன், போன் விசயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் போனை எடுக்கிறது நான், பிள்ளை அல்ல. ஆகவே தாளை எனக்குத் தாருங்கள். பொதி வந்த அன்றைக்கே நான் 'அன்ஸிப் -எல்' கொடுத்துப் பார்க்கிறேன், '-ரீ' கொடுத்துச் சோதிக்கிறேன், பெரிய எழுத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தால் 'ரீ', 'டீ' குழப்பமும் வராது. விரித்த போல்டரைத்தான் பிள்ளைகளின் கணினிகளில் போடுவேன். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் எடுக்கிற பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடுப்பேன். தரம் 9 பிள்ளைக்கு டெர்மினல் வேண்டாம் என்ற என் கருத்து மாறாது.

கனகராயன்ஆறு:
தரம் 9 பற்றி எனக்கு இன்னும் உடன்பாடில்லை ரீச்சர், ஆனால் அது உங்கள் வகுப்பு. தாளை ஆசிரியருக்கு என்றே எழுதுகிறேன். டார் வேண்டாம், எல்லாம் ஸிப்தான். பாடத்துக்கு ஒரு பொதி, ஒவ்வொன்றும் 4 ஜிபிக்குள், ஃபேட்32 முறையில் வடிவமைத்த பென் டிரைவில் அதற்கு மேல் ஒரு பைல் நிற்காது. கிளிநொச்சியில் சோதித்தது போதாது, பென் டிரைவுக்கு மாற்றிய பிறகு அங்கிருந்தே இன்னொரு தரம் '-ரீ' கொடுத்துத்தான் அனுப்புவேன். விண்டோஸ் ஆய்வுகூடங்களுக்குச் செவன்ஸிப் டெஸ்ட் பொத்தானின் படத்தையும் தாளின் பின்பக்கத்தில் போடுகிறேன். புதுக்குடியிருப்பு அண்ணை, அந்தப் படத்தை எடுத்து அனுப்ப முடியுமா?